சுரங்கத்துக்குள் பிறந்த அண்ணன்

இருட்டுக்குள் ஒரு சத்தம் கேட்டது. பளார்.

கோச்சி வண்டி சுரங்கத்துக்குள் நுழைந்திருந்தது. பெட்டியில் விளக்கு எரியவில்லை. அந்தக் காலத்தில் மூன்றாம் வகுப்பில் விளக்கு எரிந்ததாக எனக்கு ஞாபகமும் இல்லை. பின்பக்கத்து இளவட்டங்கள் சுரங்கம் வந்தால் செய்ய வேண்டிய கடமையைச் செய்துகொண்டிருந்தார்கள். 'ஹூ' என்று ஊளையிடுவதுதான் அந்தக் கடமை. எஞ்சின் புகை யன்னல் வழியாக வந்து தொண்டையைச் சுரண்டியது. இவ்வளவுக்கும் நடுவில் அந்தச் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது, ஈரத்துணியைக் கல்லில் அடித்ததுபோல.

வெளிச்சம் வந்தது.

எனக்கு எதிரே ஒரு புருஷன், ஒரு மனைவி, அவள் மடியில் ஏழெட்டு மாதக் குழந்தை. அவனுக்கு முப்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் சீப்பு, கையில் கடலைச் சுருள். அவள் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தாள். எங்களுக்குத் தெரிந்த கன்னம் சிவந்திருந்தது.

குழந்தை அழவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. பழகிப்போன குழந்தை.

"கடல எடுங்கண்ணே" என்று அவன் சுருளை என் பக்கம் நீட்டினான். நல்ல சிரிப்பு.

நான் எடுத்தேன். வெட்கக்கேடு அதோடு நிற்கவில்லை. "நல்ல வறுவல்" என்றும் சொன்னேன்.

என் வீரத்தைப் பற்றி

இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகி, "உங்கள் வீரச் செயல் ஒன்றைக்கூட இதுவரை எழுதவில்லையே" என்று கேட்டு எழுதியிருந்தார். அம்மா, இருந்தால்தானே எழுதுவதற்கு?

எனக்குப் பயம் வந்தால் கை கால் உதறாது. வாய் உதறும். சம்பந்தமில்லாமல் பேசத் தொடங்குவேன். பதுளையில் ஒரு புடவைக்கடையில் அப்போது நான் விற்பனையாளன். ஒருநாள் கடைக்குப் போகும் வழியில் சோதனைச் சாவடியில் மறித்து, பெயர் என்ன என்று கேட்டார்கள். அந்தப் பதற்றத்தில் அந்தச் சிப்பாயைப் பார்த்து, "வாங்க, வாங்க, என்ன பாக்குறீங்க?" என்று கேட்டுவிட்டேன். கடை வாசலில் நின்று நின்று பழகிய வாய். என்னை விடுவிக்க இரண்டு மணி நேரம் எடுத்தார்கள். முதலாளி வந்து, "இது எங்க கடை ஆள்தான், இப்படித்தான் இருக்கும்" என்று சாட்சி சொன்ன பிறகே விட்டார்கள்.

அந்தக் கடை எனக்கு இன்னொரு பழக்கத்தையும் தந்திருந்தது. உள்ளே வருகிற எல்லாரும் எனக்கு உறவு. தோட்டத்திலிருந்து சம்பள வாரத்தில் இறங்கி வருகிறவர்களிடம் முதலில், "எந்தத் தோட்டம்?" அடுத்து, "பாத்த முகமா இருக்கே!" அதற்கடுத்து அக்கா, தங்கச்சி, சின்னம்மா, மாமா. அரை மணி நேரத்தில் எங்கோ ஒரு கொடி சுற்றி வந்து உண்மையாகவே உறவு பிடித்துவிடும். மலையகத்தில் யாரையும் யாரோடும் முடிச்சுப் போடலாம். துணி தானாக விற்கும்.

இந்தப் பழக்கம் ஒருநாள் ஒரு பெண்ணுக்கு அடி வாங்கித் தரும் என்று எனக்குத் தெரியாது.

பார்த்த முகம்

கோச்சிக்கு வருகிறேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நானுஓயாவில் ஒரு கடைக்காரரிடம் சட்டைத் துணிகள் வாங்கிக்கொண்டு பதுளைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். மடியில் எங்கள் கடையின் பெயரும் முகவரியும் பெரிதாக அச்சடித்த துணிப்பை. நடுப்பகல்தான், ஆனால் வெளியே பனிமூட்டம். ஒஹியாவைத் தாண்டியிருந்தோம். அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், இதல்கஸ்ஹின்ன வரும்வரை சுரங்கத்துக்கு மேல் சுரங்கம்.

அந்தப் பெண் புருஷனிடம் மெதுவாகச் சொன்னது முதல் சுரங்கத்துக்கு முன்னாலேயே என் காதில் விழுந்திருந்தது.

"அப்புத்தளையில எறங்கி அம்மாவ ஒருக்கா பாத்துட்டு வந்துர்றேங்க. ரெண்டே நாள்."

பதில் சுரங்கத்துக்குள் வந்தது. வெளிச்சத்தில் கடலை, இருட்டில் அடி. அவன் அப்படி ஒரு ஒழுங்கு வைத்திருந்தான்.

இரண்டாவது சுரங்கத்திலும் கேட்டது. வெளிச்சம் வந்ததும் பெட்டியில் இருந்த அத்தனை பேரும் பனிமூட்டத்தை ரசிக்கத் தொடங்கினார்கள். பார்க்க அங்கே ஒன்றும் இல்லை, வெறும் வெள்ளை. ஆனாலும் ரசித்தார்கள். வாசலில் ஒரு சிப்பாய் தூங்கிக்கொண்டிருந்தான். அவனை எழுப்பலாமா என்று நினைத்தேன். எழுப்பினால் முதலில் என்னுடைய அடையாள அட்டையைத்தான் கேட்பான். அந்த யோசனையைக் கைவிட்டேன். பக்கத்தில் பேரிக்காய்க் கூடையோடு ஒரு சிங்கள அம்மா. அவர் மட்டும் வெளியே பார்க்கவில்லை. அவனையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில், 'நீயும் ஒரு ஆம்பிளை' என்று இருந்தது. அது சிங்களமா தமிழா என்று கேட்காதீர்கள். எந்த மொழியிலும் அது புரியும்.

எனக்கு வியர்த்தது. அந்தக் குளிரிலும் வியர்த்தது. வியர்த்ததும் வாய் திறந்தது.

"தங்கச்சி எந்தத் தோட்டம்?"

அவள் திடுக்கிட்டாள். "அம்மா வீடு ஹல்துமுல்லப் பக்கம்" என்றாள்.

"அதான் பாத்தேன். பாத்த முகமா இருக்கே!"

அவனுடைய சிரிப்பு நின்றது. கடலையைக் கொறித்துக்கொண்டிருந்த வாயும் நின்றது.

"எங்க பாத்தீங்க?"

"சும்மாதான்... ஒரு பேச்சுக்கு..."

கோச்சி கூவியது. இருட்டு வந்தது. இந்தத் தடவை இரண்டு அடி. அடிக்கு நடுவில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு குரல்: "யாருடி அவன்? எங்கடி பாத்தான்?"

இளவட்டங்கள் ஊளையிடவில்லை. அவர்களுக்கும் கேட்டுவிட்டது போல. சக்கரச் சத்தம் மட்டும்.

அந்த இரண்டு அடியும் நான் வாங்கிக் கொடுத்தது. காசு வாங்காமல், பில் போடாமல், இருந்த இடத்திலிருந்தே வாங்கிக் கொடுத்தேன்.

லெட்சுமி அக்காவின் அண்ணன்

பயத்தில் மனம் எங்கெங்கோ ஓடும் என்பார்கள். என் மனம் நான் பிறந்த லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீடுகளுக்கு ஓடியது.

லயத்தில் ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. ஒரு வீட்டில் தாளித்தால் ஆறு வீட்டில் தும்முவார்கள். அடித்தாலும் அப்படித்தான். எங்கள் பக்கத்துக் காம்பராவில் லெட்சுமி அக்கா அடி வாங்கும்போது எங்கள் வீட்டில் எல்லாரும் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவோம். "புருசன் பொஞ்சாதி விசயம்" என்று அப்பா சொல்வார். சொல்லிவிட்டு அவரும் சரியாகச் சாப்பிட மாட்டார். தொழிற்சங்கத் தலைவர் வந்து கேட்டாலும், கங்காணி வந்து கேட்டாலும், "ஏம் பொஞ்சாதிய நான் அடிக்கிறேன்" என்று ஒரே பதில்.

ஒரு ஆளிடம் மட்டும் அந்தப் பதில் செல்லாது. லெட்சுமி அக்காவின் அண்ணன்.

அந்த அண்ணன் மலைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டம். குச்சி மாதிரி ஆள், மூச்சிழுப்பு வேறு. ஏறி வந்தால் கால் மணி நேரத்துக்கு அவரால் பேச முடியாது. வந்து வாசல் இஸ்தோப்பில் உட்காருவார். இரைத்துக்கொண்டே இருப்பார். தேத்தண்ணி குடிப்பார். அவ்வளவுதான். ஆனால் அவர் தலை தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைப் பக்கம் தெரிந்ததும் லெட்சுமி அக்காவின் புருஷன் ஆணியில் தொங்கும் சட்டையை எடுத்துப் போட்டுக்கொள்வான். அவர் இருக்கும் வரைக்கும் சட்டை கழலாது. கையும் நீளாது.

பொம்பளைக்குப் பிறந்த வீட்டு ஆம்பிளை ஒருத்தன் இருக்கிறான் என்பது கட்டினவன் கண்ணுக்குத் தெரிய வேண்டும். எங்கள் சட்டம் அவ்வளவுதான். அது நல்ல சட்டமா என்று என்னைக் கேட்டால், இல்லை. அண்ணன் இல்லாத பெண் என்ன செய்வாள்? ஆனால் அந்த நேரத்தில் கோச்சியில் வேறு சட்டம் இருக்கவில்லை.

குடும்பம் ஒன்று உண்டானது

அடுத்த சுரங்கத்துக்கு எஞ்சின் கூவியது.

"என்னா மாப்புள்ள, என்னையத் தெரியலயா?" என்றது ஒரு குரல். என்னுடையதுதான். "நான் இதுக்கு அண்ணன்ல? பெரியம்மா மகன்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே புரிந்தது.

அவன் கண்ணைச் சுருக்கினான். "எந்தப் பெரியம்மா?"

எனக்கு எங்கிருந்து தெரியும்? என் தங்கையின் பெயரே எனக்குத் தெரியாது. வாயைத் திறந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அதிலிருந்து ஒன்றும் வரவில்லை.

அப்போது யன்னல் பக்கம் பார்த்தபடியே அவள் பேசினாள். நிதானமாக.

"காளியம்மா பெரியம்மா மகன். நம்ம கல்யாணத்துக்கு வரல. பதுளையில புடவக்கடையில இருக்காங்க." பிறகு மெல்ல என் பக்கம் திரும்பினாள். "சொகமா இருக்கீங்களாண்ணே?"

புடவைக்கடை அவளுக்கு எப்படித் தெரியும்? ஒரு கணம் நானே, இவள் உண்மையாகவே என் தங்கைதானோ என்று நம்பிவிட்டேன். மடியில் இருந்த பை ஞாபகத்துக்கு வர நேரம் எடுத்தது. படித்திருக்கிறாள். அடி வாங்கிக்கொண்டே படித்திருக்கிறாள்.

இருட்டு விழுந்தது.

அந்த இருட்டில் நான் பேசத் தொடங்கினேன். கத்தினேன் என்றே சொல்லலாம். என் சத்தம் நின்றால் அவன் கை எழும்பும் என்று ஒரு பயம். "எங்கம்மா, ஒன் காளியம்மா பெரியம்மா தவறிருச்சும்மா! பெரியப்பாவுக்குக் கண்ணு தெரியல! மாடு கண்ணு போட்டிருச்சு, கெடேரி!" வெளிச்சம் வந்தால் கொஞ்சம் மூச்சு விடுவேன். இருட்டினால் மறுபடியும் தொடங்குவேன். ஐந்து சுரங்கம். ஐந்து சுரங்கத்துக்குள் ஒரு முழுக் குடும்பத்தை உண்டாக்கினேன். இரண்டு பேரைச் சாகடித்தேன், ஒருத்திக்குக் கல்யாணம் பேசினேன், ஒருவனைக் கொழும்புக்கு வேலைக்கு அனுப்பினேன். கடைசிச் சுரங்கத்தில் ஆள் தீர்ந்துவிட்டது. "சின்னம்மாவுக்கு மேலுக்கு முடியல, படுத்த படுக்கைதான்" என்று அவளுடைய அம்மாவையே படுக்கையில் போட்டேன்.

அந்த ஐந்து சுரங்கத்திலும் அடிச் சத்தம் கேட்கவில்லை. சிங்கள அம்மா எனக்கு ஒரு பேரிக்காய் கொடுத்தார்.

அப்புத்தளை

வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். என் போன்றவர்கள் எப்போதும் அப்படித்தான் நினைப்போம்.

கோச்சி அப்புத்தளை மேடையில் நின்றது. அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"அம்மாவுக்கு மேலுக்கு முடியலன்னு அண்ணே சொல்றாங்கல்ல. நான் போய்ப் பாத்துட்டு வந்துர்றேங்க."

நான் போட்ட படுக்கையை அவள் எடுத்துக்கொண்டாள். அவனும் எழுந்தான். "அப்ப நானும் வர்றேன்."

அவனும் போனால் அம்மா வாசலில் நின்று சோளம் உதிர்த்துக்கொண்டிருப்பதைப் பார்ப்பான். அதற்குப் பிறகு இருட்டுக்குக்கூடக் காத்திருக்க மாட்டான். அவள் என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

"நீங்க எதுக்கு மாப்புள்ள?" என்றேன். "நாளைக்குக் காலையில தோட்டத்துல வேலப் பெரட்டுக்கு நிக்கணும்ல? பேரு போடலன்னா தொர சும்மா விடுவாரா? நான் கொண்டுபோய் விடுறேன். அண்ணன் எதுக்கு இருக்கேன்?"

அண்ணன் எதற்கு இருக்கிறான் என்று அண்ணனுக்கே தெரியாது. பதுளையில் முதலாளி துணிக்காகக் காத்திருந்தார்.

வாசலை நோக்கி அவள் நகர்ந்தபோது அவன் அவளுடைய முழங்கையைப் பிடித்தான். நெரிசலில் யாரும் காணாத மாதிரி. சிங்கள அம்மா கண்டார். எழுந்து இருவருக்கும் நடுவில் புகுந்து, "மட்ட தென்ன" என்று குழந்தைக்குக் கையை நீட்டினார். என்னிடம் கொடு என்று அர்த்தம். குழந்தையை வாங்கிக்கொண்டு, பேரிக்காய்க் கூடையை அவன் கையில் திணித்துவிட்டு, விறுவிறென்று இறங்கினார். அவன் கூடையைப் பிடிப்பதற்காகக் கையை விட்டான். அவள் இறங்கினாள். நானும் விழுந்தடித்து இறங்கினேன். அந்த அம்மா குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல ஏறிப் போய்க் கூடையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

கோச்சி நகர்ந்தது. யன்னலில் அவன் முகம். கடைசி வரைக்கும் அவன் அவளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான்.

பனிமூட்டம் பெட்டிகளை ஒவ்வொன்றாக விழுங்கியது. மேடையில் நாங்கள் நின்றோம்.

"அம்மாவுக்கு உண்மையா மேலுக்கு எப்படி?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்காங்க" என்றாள். அப்போதுதான் அழுதாள்.

ஹல்துமுல்லை பஸ்ஸில் அவளை ஏற்றினேன். அவளுடைய துணி மூட்டை கோச்சியோடு போய்விட்டது. குழந்தைக்கு மாற்றுத் துணிகூட இல்லை. கடைப் பையிலிருந்து இரண்டு முழம் பருத்தித் துணியைக் கொடுத்தேன். மீதியை வெளியே எடுத்துவிட்டு அந்தப் பையையும் கொடுத்தேன். கூட வரட்டுமா என்று கேட்கவில்லை. கேட்டால் வரச் சொல்லிவிடுவாளோ என்று பயம். பஸ் கிளம்பியதும் அடுத்த கோச்சிக்கு நான் ஓடிய ஓட்டத்தை, யாராவது பார்த்திருந்தால் அடித்தவன் நான்தான் என்று நினைத்திருப்பார்கள்.

என் மனைவியின் விசாரணை

வீட்டில் வசந்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்சம் வீரம் சேர்த்தும் சொன்னேன்.

"பேரு கேட்டீங்களா?"

"பஸ்ல ஆள் இருந்தாங்க. தங்கச்சிகிட்டப் பேரு கேட்டா என்னா நெனைப்பாங்க?"

"எந்த லயம், எந்த டிவிசன்?"

"கேக்கல."

"அவன் எந்தத் தோட்டம்?"

"பண்டாரவளைக்கு மேல எங்கயோ..."

"பின்ன என்னா லட்சணத்துல அண்ணன்?" என்றாள் வசந்தா. "அண்ணன்னா கடைசி வரைக்கும்ல போகணும்."

இந்தத் தொடரில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியதை எழுதியிருக்கிறேன். இதுதான் வலித்தது.

கடிதம்

ஒரு வருடத்துக்கு மேல் போயிருக்கும். கடைப் பையின் முகவரிக்கு வந்த ஒரு கடிதத்தின் உறையை முதலாளி கல்லாவிலிருந்து உரக்கப் படித்தார். "புடவைக்கடை அண்ணன். கண்ணாடி போட்டவர். ஓயாமல் பேசுவார்." மூன்று விற்பனையாளர்கள் கண்ணாடி போட்டிருந்தோம். மற்ற இருவரும் உடனே என்னைக் கை காட்டினார்கள்.

கடிதத்தின் முடிவில், 'இப்படிக்கு தங்கச்சி, புஷ்பராணி' என்று இருந்தது. என் தங்கையின் பெயர் எனக்கு அப்படித்தான் தெரிய வந்தது.

அம்மா வீட்டில் மூன்று மாதம் இருந்தாளாம். தலைவர்மார் உட்கார்ந்து பேசி, திரும்ப அனுப்பிவிட்டார்களாம். "எனக்குப் பதுளையில் அண்ணன் இருக்கிறார் என்று சொல்லித்தான் வந்தேன் அண்ணே. கொஞ்ச நாள் வீட்டுக்காரர் கை நீட்டவில்லை. இப்போது, அந்த ஆள் உன் அண்ணன் இல்லை, இருந்தால் ஒரு தீபாவளிக்காவது வந்திருப்பான் என்று சொல்கிறார். ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போங்கள். வேறு ஒன்றும் செய்ய வேண்டாம்."

வசந்தா கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். "போவோம்" என்றாள். "இந்த மூஞ்சிக்கு இத்தன நாளுக்கு அப்புறம் இப்பதான் ஒரு வேல கெடச்சிருக்கு."

அவன் கவ்வாத்துக்காரன் என்று கடிதத்தில் இருந்தது. தேயிலைச் செடியை இடுப்பளவுக்கு வெட்டி இறக்குகிறவர்கள். கத்தி கை நீளம் இருக்கும், சவரம் செய்யலாம். அந்த ஒரு வரியை மட்டும் நான் ஏழு தடவை படித்தேன்.

போனோம். அவன் பெயர் சிவலிங்கம். சட்டையில்லாமல் வாசலில் உட்கார்ந்திருந்தான். கதவுக்குப் பின்னால் சாக்கில் சுற்றிய கத்தி. "வாங்க மச்சான்" என்றான். அந்த 'மச்சான்' ஒரு கேள்வி மாதிரி இருந்தது. உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, பரீட்சை தொடங்கிவிட்டது.

"காளியம்மா பெரியம்மா எந்த மாசம் தவறுனிச்சு?"

எந்தச் சுரங்கத்தில் சாகடித்தேன் என்பதுதான் எனக்கு ஞாபகம் இருந்தது. மாதம் இல்லை. வசந்தா முந்தானையை எடுத்துக் கண்ணில் ஒற்றினாள். "அத ஏன் தம்பி ஞாபகப்படுத்துறீங்க? மாமியாரு போனதுலருந்து இவரு சரியாத் திங்கிறதில்ல" என்றாள். புஷ்பராணியும் அழுதாள். இரண்டு பெண்களும் இல்லாத ஒரு கிழவிக்காக அப்படி அழுததைப் பார்த்து எனக்கே கண் கலங்கியது. சிவலிங்கம் எழுந்து போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான்.

முழங்கை வரைக்கும்

அதிலிருந்து வருடத்துக்கு ஒரு தடவை, சில வருடம் இரண்டு தடவை, என்னைக் கொண்டுபோய்க் காட்டினேன். பிஸ்கட் பெட்டியும் நானும். போவேன், சிரிப்புக் காட்டுவேன், சாப்பிடுவேன், கடைசி பஸ்ஸுக்கு முன்னால் ஓடிவிடுவேன்.

'அடிக்கிறானா?' என்று நான் அவளிடம் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. ஆனால் தேத்தண்ணி கொண்டுவந்து தரும்போது சட்டைக் கையை முழங்கை வரைக்கும் சுருட்டிவிட்டிருப்பாள். அந்தக் குளிரில் யாரும் அப்படிச் சுருட்ட மாட்டார்கள். இரண்டு கையாலும் கோப்பையை நீட்டி, நான் வாங்கிய பிறகும் ஒரு கணம் அப்படியே வைத்திருப்பாள். நான் பார்ப்பேன். கொழுந்துக் கறை இருக்கும், அட்டைக் கடி இருக்கும். வேறு ஒன்றும் இருக்காது. "நல்ல தேத்தண்ணி" என்பேன். அந்த ஒரு பார்வையோடு என் பயம் அடுத்த வருடம் வரைக்கும் அடங்கும். கையைத்தான் பார்த்தேன் என்பதை நான் மறக்கவில்லை. மற்றது எனக்குத் தெரியாது.

இரண்டாயிரம் தாண்டியது. லயத்துக்குக் கரண்ட் வந்தது. கோச்சியில் ஊளையிட்ட இளவட்டங்களுக்குக் குழந்தை பிறந்து அதுகளும் ஊளையிட்டன. மடியில் அழாமல் இருந்த குழந்தை பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு.

அந்த வருடம் சித்திரைக்குப் போனேன். வசந்தாவுக்குக் காய்ச்சல், தனியாகத்தான். நல்ல வெயில். மலையில் எல்லாரும் கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கொடியில் காயப்போட்டிருந்தார்கள்.

புஷ்பராணி தேத்தண்ணி கொண்டுவந்தாள். மணிக்கட்டு வரைக்கும் மூடிய நீலக் கம்பளிச் சட்டை. கோப்பையை ஒரு கையால் வைத்துவிட்டு உடனே உள்ளே போனாள்.

நான் ஒரு ஜோக் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. இன்னொன்று சொன்னேன். சிவலிங்கம் சட்டையில்லாமல் சுவரில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்தான். பத்து வருடத்தில் அவனுக்கு நான் பழகிவிட்டேன். வருவான், தின்பான், ஓடிவிடுவான் என்று கணக்குத் தெரிந்துவிட்டது. கதவுக்குப் பின்னால் சாக்கில் அதே கத்தி.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுல்ல மச்சான்?" என்றான் அவன்.

ஆமாம், நேரமாகிவிட்டது. குடையை எடுத்தேன். பையை எடுத்தேன். பையில் வேறு ஒன்றும் இல்லை, மாற்றிக் கட்ட ஒரு சாரம்கூட இல்லை. எழுந்தேன். 'கடைசி வரைக்கும்ல போகணும்' என்று வசந்தாவின் குரல் காதுக்குள் கேட்டது. எழுந்தவன் பையைக் கொண்டுபோய் அவன் சட்டை தொங்கிய ஆணிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினேன்.

"இல்ல மாப்புள்ள. இந்தத் தடவ ஒரு வாரம் தங்கலாம்னு வந்தேன்."

"ஒரு வாரமா? எதுக்கு?"

குரல் நடுங்கியது. அதை மறைக்க நான் பாடுபடவில்லை. "தங்கச்சி கம்பளிச் சட்டையக் கழட்டுற வரைக்கும்."

அவன் என்னைப் பார்த்தான். கோச்சி யன்னலிலிருந்து பார்த்த அதே பார்வை. நான் ஜோக் சொல்லவில்லை. லெட்சுமி அக்காவின் அண்ணன் மாதிரி இரைத்துக்கொண்டு, திரும்பவும் உட்கார்ந்தேன். உட்கார்ந்தே இருந்தேன்.

ரொம்ப நேரம் கழித்து அவன் எழுந்து கையை நீட்டினான். ஆணியிலிருந்து சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

உள்ளே புஷ்பராணி இன்னொரு சுண்டு அரிசியை அளந்து களையும் சத்தம் கேட்டது.